கார் ஏ.சி.க்கு முதலில் வைத்தியம் பாருங்கள்!

காரில் ஏறுகிறீர்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி.யைப் போடுகிறீர்கள். குப்பென்று ஒரு வாடை. நனைந்து காயாத துணியின் நாற்றம் மாதிரி. இரண்டு நிமிஷத்தில் அது தெரிவதில்லை. வாடை போய்விட்டது என்று நினைக்கிறீர்கள். போகவில்லை. உங்கள் மூக்கு அதற்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான்!

'வீட்ல இருக்கிறவரைக்கும் நல்லாத்தான் இருக்கேன் டாக்டர். கார்ல போய் இறங்கினதும் அடுக்குத் தும்மல், மூக்கடைப்பு, தலைபாரம். லீவு நாள்ல ஒண்ணுமே இல்லை' என்று சொல்லி வருகிறவர்களிடம், நாடி பார்த்த கையோடு நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு. 'கார் ஏ.சி. ஃபில்டரை எப்போ மாத்தினீங்க?' பல பேர் திருப்பிக் கேட்பார்கள்: 'அதுல ஃபில்டர் வேற இருக்கா?'

இருக்கிறது! நோய்க்குக் காரணம் காருக்குள் இருக்கும்போது மருந்தை மட்டும் விழுங்கி என்ன பயன்?

வாடை எங்கிருந்து வருகிறது?

டாஷ்போர்டுக்குப் பின்னால் கூலிங் காயில் இருக்கிறது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்க்கிறதல்லவா? அதேபோல இந்தக் காயிலும் வியர்க்கும். அந்தத் தண்ணீர் ஒரு சின்னக் குழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்டும். அது நல்லதுதான், பயப்படாதீர்கள். குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கும், கால்மிதி ஈரமாகும். ஈரமும் தூசியும் சேர்ந்த இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும். மின்விசிறி அதை அப்படியே உங்கள் முகத்தில் ஊதும். பீனிசமும் இரைப்பும் உள்ளவர்களுக்குக் கேட்க வேண்டுமா?

இதற்குப் பலரும் செய்கிற வைத்தியம், சென்ட் பாட்டில் வாங்கி மாட்டுவது! காய்ச்சலைக் கவனிக்காமல் போர்வையைப் போர்த்திக்கொள்கிற கதைதான்.

இப்படிச் செய்யுங்கள்.

* வருஷத்துக்கு ஒரு தடவையாவது, அல்லது 10,000 முதல் 15,000 கிலோமீட்டருக்குள் ஃபில்டரை மாற்றுங்கள். மண் ரோட்டில் ஓட்டுபவர்கள் இன்னும் சீக்கிரம்.

* இறங்குவதற்கு ஐந்து நிமிஷம் முன்பு ஏ.சி.யை நிறுத்திவிட்டு, ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள். காயில் காய்ந்துவிடும்.

* அப்புறமும் வாடை வந்தால் காயிலையும் தண்ணீர்க் குழாயையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

* மூக்கடைப்புக்கு நொச்சி இலை போட்டுப் பெரியவர்கள் ஆவி பிடிக்கலாம். ஆனால் காரைச் சுத்தம் செய்த பிறகு!

வருஷா வருஷம் காஸா?

'காஸ் குறைஞ்சிடுச்சு சார், அடிச்சிடலாம்' என்பார்கள். பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருளல்ல இது. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. அடிக்கடி குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைக் கண்டுபிடித்து அடைத்த பிறகு நிரப்பச் சொல்லுங்கள். நீங்களே குழாயைக் கழற்றிப் பார்க்காதீர்கள். பல கார்களில் இருக்கும் ஆர்-134ஏ என்ற காஸ் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். திரவமாகத் தோலில் பட்டால் சதை உறைந்து புண்ணாகும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

ஓடும்போது ஜில்லென்று இருந்து, சிக்னலில் நின்றால் மட்டும் சூடாகிறதா? அப்போது காஸைவிட, முன்பக்கத்து ஃபேனைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தலைவலியா? உஷார்!

காரில் வருபவர்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்றால் அதைப் பித்தம் என்று விட்டுவிடாதீர்கள். புகைக்குழாயில் ஓட்டை விழுந்து கார்பன் மோனாக்சைடு உள்ளே வரலாம். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. உடனே வண்டியை நிறுத்தி, கதவுகளைத் திறந்து, எல்லாரும் வெளியே வாருங்கள். தெளியவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

காருக்குள் தூங்கியவர் இறந்தால் 'ஏ.சி. காஸ் தாக்கியது' என்று பேசிக்கொள்வார்கள். முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தப் புகையைத்தான். எனவே என்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, நிறுத்திய காரில் தூங்கவே கூடாது. மூடிய ஷெட்டில் என்றால் இன்னும் மோசம்.

கத்திரி வெயிலில் ஏ.சி. நின்றால்?

எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிடுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீரோ, உப்புப் போட்ட நீர்மோரோ குடியுங்கள். இளநீரும் நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் அது வேண்டாம். கைக்குழந்தையும் வயதானவர்களும் இருந்தால் பகல் 12 முதல் 3 வரை நிழலில் தங்கிவிட்டுப் புறப்படுங்கள். ஊருக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது!

யாராவது சம்பந்தமில்லாமல் பேசினாலோ, உடம்பு அனலாய்க் கொதித்து மயங்கினாலோ அது வெப்பத் தாக்கு. இதற்குக் கைவைத்தியம் கிடையாது. 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வருவதற்குள் நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் தண்ணீரால் நனைத்து விசிறுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

கடைசியாக ஒன்று. 'தோ, கடைக்குப் போயிட்டு வந்துடறேன்' என்று குழந்தையைக் காரில் விட்டுப் போகாதீர்கள். வெயிலில் நிற்கிற மூடிய கார் பத்தே நிமிஷத்தில் 10 டிகிரி செல்சியஸ் வரை கூடுதலாகச் சூடேறும். பிள்ளைகளின் உடம்பு நம் உடம்பைவிட வேகமாகக் கொதிக்கும். ஏ.சி. ஓடுகிறதே என்கிறீர்களா? அது எந்த நிமிஷமும் நின்றுபோகலாம். குழந்தைக்குக் கதவைத் திறக்கத் தெரியாது. தூங்கினாலும் சரி, தூக்கிக்கொண்டு இறங்குங்கள்!