இரும்பும் இசையும்



தமிழில் 'கருவி' என்னும் சொல் ஒன்றே தச்சனின் உளிக்கும் பாணனின் யாழுக்கும் பொதுவாக வழங்குகிறது. தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி என்பவற்றோடு உலோகத்தாலான கஞ்சக்கருவியையும் நம் முன்னோர் இசைக்கு உரியதாக வகுத்தனர். ஆதலின், தொழிற்கருவியையே இசைக்கருவியாக ஆண்ட ஜெர்மானியக் குழு ஒன்றின் வரலாறு நமக்கு முற்றும் விந்தையாகத் தோன்ற வேண்டுவதில்லை.

அக்குழுவின் பெயர் ஐன்ஷ்டூர்ட்சென்டெ நொய்பௌட்டன். 'இடிந்து விழும் புதுக்கட்டடங்கள்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிடலாம். ஆயினும் பொருள் முழுவதும் அதில் அடங்காது. பெர்லின் நகரத்தார் 'நொய்பௌ' என்று குறிப்பது, இரண்டாம் உலகப்போருக்குப் பின் விரைவாக எழுப்பப்பெற்ற கட்டடங்களை. போருக்குத் தப்பி நின்ற பழைய வீடுகளுக்கு 'அல்ட்பௌ' என்று வேறு பெயர் உண்டு. தந்தையர் அவசரமாகக் கட்டித் தந்த புதுவாழ்வு நிலைக்குமா என்னும் ஐயம் இப்பெயரில் ஒளிந்திருப்பதாகவே எனக்குப் படுகிறது.

சுவர் சூழ்ந்த மேற்கு பெர்லினில், 1980 ஏப்ரல் 1 அன்று இக்குழு முதன்முதல் மேடையேறியது. மறுமாதம் 21ஆம் நாள், 1957-இல் அமெரிக்கா எழுப்பித் தந்த மாநாட்டு மண்டபத்தின் கூரை சரிந்து ஓர் உயிரைக் கொண்டது. அதன்பின் அப்பெயரைக் கேட்டவர்க்கு அது வெறும் விளையாட்டாகத் தோன்றியிராது.

தலைவர் பிலிக்ஸா பார்கெல்ட். இது புனைபெயரே, 'பார்கெல்ட்' என்றால் ரொக்கப் பணம். குழுவினரிடம் அப்போது இல்லாதிருந்ததும் அதுவே. அவர்தம் தோழர் உன்ரூ, பணமுடையால் தம் டிரம் வாத்தியங்களை விற்றுவிட்டு, கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் பழைய இரும்புக் குவியல்களிலும் கிடைத்த தகடு, குழாய், சுருள்வில் முதலியவற்றைத் தட்டத் தொடங்கினார் என்பர். அவ்வாண்டு ஜூனில், நெடுஞ்சாலைப் பாலம் ஒன்றின் உட்குடைவில் புகுந்து ஒலிப்பதிவு செய்தனர். 1981-இல் 'கோலாப்ஸ்' என்னும் முதல் இசைத்தட்டு வெளிவந்தது.

லண்டன் கலைக்கூடம் ஒன்றில் 1984 ஜனவரி 3 அன்று, குழுவினருள் சிலர் பிறரோடு சேர்ந்து துளைப்பொறியும் இயந்திர வாளும் கொண்டு நிகழ்த்திய கச்சேரியில் மேடையே சேதமுற்றது. நிகழ்ச்சி பாதியில் நிறுத்தப்பட்டது. பத்திரிகைகள் பெரிதுபடுத்தியது இதனைத்தான். ஆனால் ஓசை எழுப்புதல் யார்க்கும் எளிது. எந்த ஓசைக்குப் பின் எத்துணை நேரம் மௌனம் வேண்டும் என்று அறிதலே அரிது. அவ்வறிவு இவர்களிடம் இருந்தது என்பதற்கு 1985-இல் வந்த 'அரைமனிதன்' சான்று. அதன் தலைப்புப் பாட்டு பெரும்பாலும் மனிதக் குரல்களாலேயே ஆனது!

2002 முதல் இசைத்தட்டு நிறுவனத்தின் துணையை நாடாமல், இரசிகர்களிடமே முன்பணம் பெற்று, ஒத்திகையை அவர்கள் இணையத்தில் காணுமாறு செய்தனர். 2004-இல், இடிக்கப்படவிருந்த கிழக்கு ஜெர்மனியின் குடியரசு மாளிகையில் பாடினர். பெயருக்கு அதனினும் பொருத்தமான அரங்கு வாய்த்திருக்காது.

முதல் உலகப்போர் மூண்டதன் நூற்றாண்டை ஒட்டி, பெல்ஜியத்தின் டிக்ஸ்மௌடெ நகரம் வேண்டிக்கொண்டபடி 2014-இல் இவர்கள் இயற்றியது 'லமென்ட்'. அதில் ஒரு பகுதி நுட்பமானது. போரிட்ட நாடு ஒவ்வொன்றுக்கும் ஒரு குழாய். போர் நடந்த நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு. நாடு போரில் புகும் நாளில் அதன் குழாய் ஒலிக்கத் தொடங்கும். விலகும் நாளில் அடங்கும். நான்காண்டுப் போர் ஏறத்தாழ 13 நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. ஒரு தட்டுக்குள் எத்தனை ஆயிரம் உயிர்கள் என்று எண்ணத் தொடங்கினால் தொடர்ந்து கேட்பது கடினம்.

புதிதாகக் கேட்க விழைவோர், பெரிதும் அடங்கிய ஒலியுடைய 2000ஆம் ஆண்டின் 'சைலன்ஸ் இஸ் செக்ஸி'யிலிருந்து தொடங்குதல் நலம். சிகரெட் புகையும் மெல்லொலிகூட அதில் கேட்கும். 'கோலாப்ஸ்' பிறகு ஆகட்டும். அதுவும் அண்டை வீட்டார் உறங்காத வேளையில்.