மின் அதிர்வுச் சிகிச்சை: எந்த மயக்க மருந்து பொருத்தமானது?

கடும் மனச்சோர்வால் சாப்பிடாமல், பேசாமல், வாழவே விருப்பமில்லாமல் இருப்பவருக்கு மருத்துவர்கள் சில வேளைகளில் இசிடி எனப்படும் மின் அதிர்வுச் சிகிச்சையைப் பரிந்துரைப்பார்கள். 'தலைக்குக் கரண்டு வைக்கப் போகிறார்கள்' என்று கேட்டதுமே குடும்பத்தார் பயந்து விடுகிறார்கள்.

இந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 1938-ஆம் ஆண்டு ரோம் நகரில் செர்லெட்டி, பினி என்ற இரு மருத்துவர்கள் இச்சிகிச்சையைத் தொடங்கியபோது மயக்க மருந்து கொடுக்கப்படவில்லை. வலிப்பின் வேகத்தில் சிலருக்கு எலும்பு முறிந்தது. இன்று நிலைமை வேறு. நோயாளியைத் தூங்கவைக்க ஒரு மருந்தும், தசைகளைத் தளர்த்த இன்னொரு மருந்தும் ஊசி வழியே தரப்படுகின்றன. வலிப்பு பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். நோயாளிக்கு வலி தெரியாது.

ஆனால், இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. குணம் தருவது மின்சாரம் அல்ல. அது மூளையில் உண்டாக்கும் வலிப்புதான். மயக்க மருந்துகள் பலவும் அந்த வலிப்பையே அடக்கும் தன்மை கொண்டவை. மயக்க மருந்து கூடினால் வலிப்பு குறையும். அதனால் மின்சாரத்தைக் கூட்ட நேரிடும். மறதியும் குழப்பமும் அதிகமாகலாம். மருந்து குறைந்தாலோ, தசை அசையாத நிலையில் நோயாளிக்கு நினைவு இருந்துவிடும்.

புரோபோஃபோல் இரத்த அழுத்தம் அதிகம் ஏறாமல் காக்கும், குமட்டலும் குறைவு. ஆனால் வலிப்பு நேரத்தைச் சுருக்கும். எட்டோமிடேட் வலிப்பை அவ்வளவாகக் குறைக்காது. ஆனால் குமட்டல் வரலாம், அட்ரினல் சுரப்பியின் வேலையையும் சிறிது நேரம் மந்தமாக்கும். கெட்டமினும் வலிப்பை அதிகம் குறைக்காது. ஆனால் இரத்த அழுத்தத்தை ஏற்றும், விழிக்கும்போது சிலருக்குக் குழப்பம் இருக்கும். எல்லாருக்கும் ஏற்ற ஒரே மருந்து என்று எதுவும் இல்லை. நோயாளியின் வயது, இருதயம், முந்தைய சிகிச்சையில் வலிப்பு வந்த விதம் ஆகியவற்றைப் பார்த்தே மருத்துவர் முடிவு செய்வார்.

குடும்பத்தார் மறைக்காமல் சொல்ல வேண்டியவை: தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை, நாட்டு மருந்து எது சாப்பிட்டாலும் சொல்லுங்கள். தூக்க மாத்திரையும் வலிப்பு மாத்திரையும் சிகிச்சையின் பலனைக் குறைக்கலாம். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆஸ்துமா, இருதய நோய், ஆடும் பல் இருந்தாலும் சொல்லுங்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பின் இரத்த உறவினர் யாருக்காவது மூச்சு திரும்பத் தாமதமானதா என்பதும் முக்கியம்.

சாதாரணமாக 6 மணி நேரத்துக்கு முன்பே உணவை நிறுத்த வேண்டும். பால் கலந்த தே தாரேக்கும் உணவுக் கணக்குதான். வெறும் தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்புவரை குடிக்கலாம். மருத்துவமனை வேறு நேரம் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

மலேசியாவின் 2001 மனநலச் சட்டப்படி இச்சிகிச்சைக்குச் சம்மதம் தேவை. நோயாளியால் முடிவெடுக்க முடிந்தால் அவரே தர வேண்டும். முடியாவிட்டால் உறவினர் தரலாம். கையெழுத்திடும் முன், "எந்த மயக்க மருந்து, ஏன்?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.