கொய்யாப்பழ ஜெலி: நம் வீட்டு அடுப்பிலேயே செய்வோம்



சம்பள நாளன்று மாலையில் கடைப்பக்கம் போனால் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். அரிசி, மா, பருப்பு என்று சாமான் கட்டிக்கொண்டிருக்கும் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தபடி பிள்ளை நிற்கும். "அம்மா, அந்தச் செவப்பு ஜெலி வாங்கித் தாங்கம்மா!" என்று அழும். அம்மாவும் பாவம், மாதத்தில் ஒரு நாள்தானே என்று வாங்கிக் கொடுத்துவிடுவார்.

அதே நேரத்தில் லயத்துக்குப் பின்னால், பீலிக்குப் போகும் வழியில் நிற்கும் கொய்யா மரத்தடியில் பழங்கள் விழுந்து அழுகிக் கிடக்கும். குருவியும் எறும்பும் தின்றது போக மிச்சம் மண்ணோடு போகும்.

காசு கொடுத்து வாங்கும் ஜெலியில் பழம் இல்லை. பழம் இருக்கும் இடத்தில் ஜெலி இல்லை. இந்த இரண்டையும் எப்படி ஒன்று சேர்ப்பது என்பதைத்தான் இம்முறை சொல்லப் போகிறோம்.

பைக்கற்றில் என்ன இருக்கிறது?

அடுத்த முறை ஜெலிப் பைக்கற் வாங்கினால் அதன் பின்பக்கத்தை உங்கள் பெரிய பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். உள்ளே அதிகமாக உள்ள பொருள்தான் முதலில் எழுதப்படும். பெரும்பாலும் அது சீனியாகவே இருக்கும். அதன் பின் ஜெலற்றின், புளிப்புக்கு ஒரு அமிலம், வாசனைக்கு ஒன்று, நிறத்துக்கு ஒன்று என்று வரும். மேலே ஸ்ட்ரோபெரிப் படம் போட்டிருக்கும். உள்ளே ஸ்ட்ரோபெரி இருக்காது.

ஜெலற்றின் என்பது மாடு, பன்றி போன்ற மிருகங்களின் தோலையும் எலும்பையும் அவித்து எடுப்பது. மாட்டிறைச்சி சாப்பிடாத குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு. தெரியாமல் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு பிறகு மனம் வருந்துவதைவிட முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

ஜெலற்றினுக்குப் பதில் கடற்பாசி

ஜெலற்றினுக்குப் பதிலாக நாம் கடற்பாசியைப் பாவிக்கலாம். சைனா கிராஸ், சைனா மொஸ், அகர் அகர் என்றும் சொல்வார்கள். கடலில் வளரும் ஒரு வகைப் பாசியிலிருந்து எடுப்பது. மிருகப் பொருள் எதுவும் இதில் கிடையாது. நோன்பு காலத்தில் முஸ்லிம் சகோதரர்களின் வீடுகளில் கடற்பாசி காய்ச்சுவது வழக்கம். ஆகவே டவுனில் உள்ள முஸ்லிம் கடைகளில் கேட்டால் சுலபமாகக் கிடைக்கும். வெள்ளை நார் போலவும் இருக்கும், தூளாகவும் இருக்கும்.

இந்த விஷயத்தை ஒரு லயத்தில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தாய் கேட்டார்: "மிஸ், எங்க வீட்டுல பிரிஜ்ஜே இல்லையே, ஜெலி எப்புடி இறுகும்?"

நல்ல கேள்வி. ஜெலற்றின் இறுகக் குளிர் வேண்டும். வெயில் பட்டால் உருகிவிடும். கடற்பாசி அப்படியல்ல. நம் உடம்புச் சூடு அளவுக்கு ஆறியதுமே அது இறுகத் தொடங்கிவிடும். இறுகியதைத் திரும்ப உருக்க வேண்டுமானால் தண்ணீர் கொதிக்கும் அளவை ஒட்டிய சூடு வேண்டும். ஆகவே நுவரெலியா குளிரிலும் சரி, இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்து வெயிலிலும் சரி, பிரிஜ் இல்லாமலே இறுகும்.

செய்யும் முறை

தேவையானவை (சுமார் 12 துண்டுகளுக்கு):

நன்றாகப் பழுத்த நடுத்தரக் கொய்யா – 4
கடற்பாசி நார் – 10 கிராம் (தூள் என்றால் 3 மட்டத் தேக்கரண்டி)
தண்ணீர் – தேத்தண்ணிக் கோப்பையால் 3 (600 மி.லீ.)
சீனி – 3 மேசைக்கரண்டி
தேசிக்காய் – பாதி

1. கடற்பாசி நாரைச் சிறிதாக நறுக்கி, அளந்து வைத்த 3 கோப்பைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். தூள் என்றால் ஊறவைக்கத் தேவையில்லை.

2. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கொய்யாவைக் கொதித்து ஆறிய தண்ணீரில் கழுவுங்கள். அடிபட்ட இடம், புழு பட்ட இடம் இருந்தால் வெட்டி எறியுங்கள். பழத்தை வெட்டி, கரண்டியால் நன்றாக மசித்து, வடியில் போட்டுத் தேய்த்து விதையை நீக்குங்கள். ஒன்றரைக் கோப்பை அளவு கூழ் வரும். தேசிக்காயை அதில் பிழிந்து மூடி வையுங்கள்.

3. ஊறிய கடற்பாசியைத் தண்ணீரோடு அடுப்பில் வைத்துக் காய்ச்சுங்கள். கொதி வந்த பின் விறகை இழுத்து நெருப்பைக் குறைத்து, நார் ஒன்றும் தெரியாமல் கரையும் வரை கிண்டுங்கள். 10 நிமிடம் போதும். சீனியைப் போட்டுக் கரைத்து இறக்குங்கள்.

4. இறக்கியதும் பழத்தைக் கொட்டாதீர்கள். ஆவி பறப்பது குறையும் வரை சில நிமிடம் பொறுங்கள். பாத்திரத்தின் ஓரத்தில் இறுக ஆரம்பிப்பதற்கு முன் கொய்யாக் கூழைக் கொட்டி ஒரே சீராகக் கலக்குங்கள்.

5. தட்டையான பீங்கானிலோ தட்டிலோ ஒரு விரல் தடிப்புக்கு ஊற்றி மூடி வையுங்கள். அரை மணி நேரத்தில் இறுகிவிடும். கத்தியால் துண்டு போடுங்கள்.

மலைநாட்டில் உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு. குளிர் காலத்தில் கூழ் ஜில்லென்று இருந்தால், அது பட்டவுடனே கடற்பாசி கட்டி கட்டியாகிவிடும். கூழ் இருக்கும் பாத்திரத்தை இளஞ்சூடான தண்ணீரில் சிறிது நேரம் வைத்து, குளிர் விட்ட பிறகு சேருங்கள்.

கணக்குப் பார்த்தால் ஒரு துண்டுக்கு முக்கால் தேக்கரண்டிச் சீனிதான் வருகிறது. பழம் நன்றாக இனித்தால் அதையும் குறைக்கலாம்.

பழத்தை ஏன் கொதிக்க விடக்கூடாது?

100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் விற்றமின் சி உண்டு. அதே அளவு தோடம்பழத்தில் இருப்பதைப் போல் இது ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆனால் விற்றமின் சி சூட்டைத் தாங்காது. பழத்தைப் போட்டுக் கொதிக்க வைத்தால் ருசி இருக்கும், சத்தில் பெரும் பங்கு போய்விடும். வெட்டி வெகு நேரம் திறந்து வைத்தாலும் குறையும். அதனால்தான் கடற்பாசியை மட்டும் கொதிக்க வைத்து, பழத்தைக் கடைசியில் சேர்க்கிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு. தேசிக்காய், பேஷன் பழம் போன்ற புளிப்பானவற்றைக் கடற்பாசியோடு சேர்த்துக் கொதிக்க வைத்தால் அதன் இறுகும் தன்மை கெட்டு, ஜெலி தளதளவென்று ஆகிவிடும்.

கொய்யா இல்லாத காலத்தில் பப்பாசி, அன்னாசி, பேஷன் பழம் எதிலும் செய்யலாம். பச்சையான அன்னாசியும் பப்பாசியும் ஜெலற்றினைக் கரைத்து இறுகவிடாமல் செய்துவிடும். கடற்பாசியை அவை ஒன்றும் செய்வதில்லை. பிள்ளை சிவப்புதான் வேண்டும் என்று அடம் பிடித்தால், ஒரு துண்டு பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்த சாற்றில் இரண்டு கரண்டி சேருங்கள். சாயப்பொடி தேவையில்லை.

சோற்றுக்குப் பின் ஜெலி, தேத்தண்ணி பிறகு

இந்த ஜெலியை எப்போது சாப்பிடுவது என்பதும் முக்கியம்.

கொழுந்து மலையில் ஏறி இறங்கும் பெண்களில் பலருக்குக் களைப்பு, மூச்சு வாங்குதல், தலைச்சுற்று, முகம் வெளிறுதல் இருப்பதை நாங்கள் பார்க்கிறோம். "வேலைக் களைப்பு" என்று விட்டுவிடுகிறோம். பல நேரங்களில் அது இரத்தச்சோகையாக இருக்கும். பிள்ளைகளுக்கும் இரத்தச்சோகை வரும். பாடத்தில் மனம் நிற்காது, விளையாட்டிலும் உற்சாகம் இருக்காது.

கீரை, பருப்பு, கடலை ஆகியவற்றில் இரும்புச்சத்து உண்டு. ஆனால் அதை உடம்பு முழுவதுமாக எடுத்துக்கொள்வதில்லை. அதே வேளைச் சாப்பாட்டோடு விற்றமின் சி சேர்ந்தால் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் குறைத்துவிடும். சாயத்தில் உள்ள துவர்ப்புச் சத்துதான் காரணம். நாம் பறிக்கும் கொழுந்தைக் குறை சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடியுங்கள். ஆனால் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

ஆகவே கீரையும் பருப்பும் சாப்பிட்ட கையோடு ஒரு துண்டு கொய்யா ஜெலி, அல்லது ஒரு கொய்யா. கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்காமல் தண்ணீரோடு எடுங்கள். களைப்பு விடாமல் இருந்தால் ஜெலியை நம்பி இருக்காமல் டொக்டரிடம் காட்டி இரத்தம் சோதித்துப் பாருங்கள்.

இதைக் கட்டாயம் கவனியுங்கள்

ஜெலி வழுக்கும். சின்னப் பிள்ளையின் தொண்டையில் போய் அடைத்துக்கொண்டால் மூச்சு நின்றுவிடும். சிறிய பிளாஸ்டிக் கோப்பையில் வரும், வாயில் வைத்து உறிஞ்சும் ஜெலிகளால் பல நாடுகளில் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2004 ஆம் ஆண்டில், கடற்பாசியில் செய்தவை உட்பட, அந்த வகைச் சிறு கோப்பை ஜெலிகளின் விற்பனையை நிறுத்தியது. எனவே:

• ஜெலியைச் சிறு கோப்பையில் உருண்டையாக ஊற்ற வேண்டாம். தட்டில் ஊற்றி மெல்லியதாக வெட்டுங்கள்.
• 4 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கரண்டியால் நன்றாக மசித்துக் கொடுங்கள்.
• பிள்ளையை உட்காரவைத்து, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து கொடுங்கள். ஓடும்போது, அழும்போது, சிரிக்கும்போது கொடுக்க வேண்டாம்.
• உறிஞ்சி விழுங்கப் பழக்காதீர்கள்.
• பச்சைப் பழம் சேர்ந்திருப்பதால் பிரிஜ் இல்லாத வீட்டில் அன்றைக்கே சாப்பிட்டு முடியுங்கள். மறுநாளைக்கு வைக்க வேண்டாம்.

அப்பாயி சொன்னது

நாங்கள் இதையெல்லாம் சொல்லி முடித்ததும், வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு அப்பாயி சிரித்தார். "நாங்க கொய்யாவ உப்பும் மொளகாத்தூளும் தொட்டுத் தின்னே வளந்தோம். இதென்ன புதுசா?" என்றார்.

அப்பாயி சொன்னது சரி. கழுவிய கொய்யாவை அப்படியே கடித்துத் தின்னும் பிள்ளைக்கு ஜெலி தேவையே இல்லை. முழுப் பழத்தில் நாரும் கூட, சீனியும் சேராது. பழம் என்றாலே முகத்தைத் திருப்பும் பிள்ளைக்கும், விதை கடிக்க முடியாத சின்னவர்களுக்கும், பல் விழுந்த பெரியவர்களுக்கும்தான் இது. பிறந்தநாளுக்கும் செய்யலாம். அந்த அப்பாயிக்கே ஒரு துண்டு கொடுத்தோம். "பல்லு இல்லாதவளுக்கு இது தோதுதான்" என்று இன்னொன்றும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கொய்யா பொறுக்க அனுப்புங்கள். விழுந்து நசுங்கியதை விட்டுவிட்டு மரத்தில் பழுத்ததைப் பறிக்கச் சொல்லுங்கள். கூழ் மசிப்பதை அவர்களிடமே விடுங்கள். தன் கையால் செய்ததைப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லாது. எப்படி வந்தது என்று உங்கள் பிள்ளைப் பராமரிப்பு நிலைய உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். இறுகாமல் போனாலும் வந்து சொல்லுங்கள், எங்கே பிழைத்தது என்று சேர்ந்து பார்ப்போம்.