ஓர் அழைப்பு, ஓர் உயிர்

சாலையோரம் அடிபட்டுக் கிடக்கும் நாயைக் கண்டு ஒரு கணம் தயங்கி, பின் அலுவலக நேரத்தை எண்ணிக் கடந்து சென்ற அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு. அவ்விடத்தில் நின்று காப்பகத்திற்குத் தகவல் தருபவரே அவ்வுயிருக்கு முதல் தன்னார்வலர்.

இராஜஸ்தானின் உதய்ப்பூரில் அமெரிக்கக் குடும்பம் ஒன்று 2002-ஆம் ஆண்டு தோற்றுவித்த ‘அனிமல் எய்ட் அன்லிமிடெட்’ காப்பகம் இதற்குச் சான்று. பொதுமக்களின் அழைப்பை ஏற்று ஊர்தி விரைகிறது. நாய், பசு, கழுதை என்ற பேதமின்றிச் சிகிச்சை அளிக்கப்படுகிறது. குணமடைந்த தெருநாய்கள் தாம் வாழ்ந்த தெருவுக்கே திரும்புகின்றன. பிழைக்க இயலாதவை காப்பகத்திலேயே வாழ்கின்றன.

காயத்திற்கு மருந்திடுவது மருத்துவர் பணி. உணவூட்டுதல், உடலைத் துடைத்துவிடுதல், நடக்க இயலாத நாயின் அருகமர்ந்து வருடிக்கொடுத்தல் ஆகியவை தன்னார்வலர் பணி. அச்சம் தணிந்தால்தான் விலங்கு உண்ணும், மருந்திடவும் இடந்தரும். வளர்த்தவரால் கைவிடப்பட்ட செல்லப்பிராணிக்கு இவ்வரவணைப்பு இன்னும் இன்றியமையாதது. தெருவில் பிழைக்கும் வழியை அது அறியாது.

நேரமில்லாதோர் பழைய போர்வைகளையும் செய்தித்தாள்களையும் வழங்கலாம். நன்கொடையாளர் ஒன்றை நினைவிற்கொள்க: வரிச்சலுகைக்குத் தகுதிபெற்ற அமைப்பாயினும், 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்கு அச்சலுகை கிட்டாது. காசோலையோ மின்வழிப் பரிமாற்றமோ ஏற்றது. சிறு தொகையாயினும் கணக்கிலிருந்து மாதந்தோறும் செல்லுமாறு ஏற்பாடு செய்வது பெருந்துணையாகும். தீவனச் செலவும் மாதந்தோறும் வருவதன்றோ!

நம் ஊர்க் காப்பகத்தின் எண்ணை இன்றே கைப்பேசியில் பதிந்து வைப்போம். அடுத்த முறை கடந்து செல்லாதிருக்க அதுவே முதற்படி.