தேமா, புளிமா, கம்ப்யூட்டர்!

"அத்தை, வீட்ல கம்ப்யூட்டரே இல்லாம கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கலாமா?"

பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். வீட்டில் இருப்பது அவள் அம்மாவின் போன் மட்டும்தான். காரைக்கால் பக்கம் திருவேட்டக்குடியில் இந்தக் கேள்வி கொஞ்சம் வேடிக்கையானது. 2010-ல் தொடங்கிய புதுச்சேரி என்.ஐ.டி. இருப்பது இந்த ஊரில்தான். கம்ப்யூட்டர் படிக்க எங்கிருந்தெல்லாமோ பிள்ளைகள் வருகிறார்கள். உள்ளூர்ப் பெண்ணுக்கோ, 'நமக்கு வருமா' என்று பயம்.

என் பள்ளி நாள்கள் ஞாபகத்துக்கு வந்தன. 1984-ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்றொரு திட்டம் கொண்டுவந்தது. முதலில் சுமார் 250 பள்ளிகளில் பி.பி.சி. மைக்ரோ என்ற கணினியை வைத்தார்கள். சில வருடம் கழித்து நானும் அதைத் தொட்டுப் பார்த்தேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போவதுபோல் போவோம். வாரம் ஒரு முறை, ஒரு மெஷினுக்கு நாலு பேர். முறை வரும்வரை புரோகிராமை நோட்டில் எழுதி, கையாலேயே கணக்குப் போட்டுப் பார்ப்போம். கரன்ட் போனால் அடித்ததெல்லாம் போச்சு!

அதன் நினைவகம் 32 கே.பி. கலர் கலராகப் படம் காட்டினால் அதிலும் 20 கே.பி. திரைக்கே போய்விடும். இன்று 4 ஜி.பி. ராம் உள்ள போனில் அதைப்போல 1,31,072 மடங்கு இடம். ஆனால், இடம் குறைவாக இருந்ததால்தான் ஒவ்வொரு பைட்டும் எங்கே போகிறது என்று எங்களுக்குத் தெரிந்தது. நாங்கள் பாதி படித்தது நோட்டில்தான். அதனால் அவளிடம், "தாராளமா எடு" என்றேன்.

"சரி, பிட்னா என்ன?" என்றாள். 0 அல்லது 1, அவ்வளவுதான். அவள் முகம் தெளியவில்லை. "யாப்பு படிச்சியே, நேர், நிரை ஞாபகம் இருக்கா?" என்றேன். சம்பந்தர் பாடிய ஊர்க்காரிக்கு அது மறக்கலாமா?

நேர் என்றால் 0, நிரை என்றால் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். தேமா 00. கூவிளம் 01. புளிமா 10. கருவிளம் 11. இரண்டு அசைக்கு நாலு வாய்பாடு. மூன்று அசையானால் காய் நாலு, கனி நாலு, ஆக 8. நாலசைச் சீர் 16. ஒவ்வோர் அசை கூடும்போதும் இரட்டிப்பாகிறது. இப்படி எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். அதில் 256 விதம். (மனப்பாடம் செய்யச் சொல்லி என்னைப் படுத்திய வாய்பாடு இதற்கு உதவும் என்று அன்று யாராவது சொல்லியிருக்கலாம்!)

அடுத்து அவள் போனை எடுத்து 'அம்மா' என்று அடிக்கச் சொன்னேன். இன்று பரவலாக உள்ள யூ.டி.எஃப்-8 முறையில் எழுத்து, புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் 3 பைட். அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து. மொத்தம் 15 பைட். ஆங்கிலத்தில் 'அம்மா' என்று நாலு எழுத்தில் அடித்தால் 4 பைட்தான்.

"அப்பாவுக்கும் 15. அத்தைக்கும் 15" என்று விரல்விட்டு எண்ணினாள். அப்புறம் நோட்டை எடுத்து ஊர்ப் பெயரை எழுதி, ஒவ்வொரு கொம்பாகப் பிரிக்க ஆரம்பித்தாள்.

திருவேட்டக்குடிக்கு 45 பைட். நீங்களும் எண்ணிப் பாருங்கள்.