சிந்தாமணி வாசிப்பு

சிந்தாமணி வாசிப்பு என்பது தமிழ்ச் சமணர் ஒன்றுகூடிச் சீவக சிந்தாமணியைப் பொருளுடன் கேட்டுப் பயின்ற முறையாகும். திருத்தக்கதேவர் இயற்றிய இக்காப்பியம் 13 இலம்பகங்களைக் கொண்டது. விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சி வட்டாரத்திலுள்ள மேல்சித்தாமூர் மடம் தமிழ்ச் சமணரின் தலைமை மடமாகும்.

கும்பகோணம் வாசிப்பு

1880 ஆம் ஆண்டு, சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் உ. வே. சாமிநாதையர் இந்நூலை ஆராயத் தொடங்கினார். உரையில் வரும் சமண சமயச் செய்திகள் அவருக்கு விளங்கவில்லை. விளக்கம் தேடிக் கும்பகோணத்துச் சமணர் இல்லம் ஒன்றிற்குச் சென்றபோது, அவ்வீடு விழாக்கோலம் பூண்டிருந்தது. வீடூர் அப்பாசாமி நயினார் பொருள் கூற, ஆறு மாதங்களாக நடைபெற்ற வாசிப்பு அன்று நிறைவெய்தியிருந்தது.

அமைப்பு

இவ்வாசிப்பில் நூல் ஒன்று. பொருள் கூறுபவர் ஒருவர். காப்பியத்தின் கதைப்போக்கே பாடத்தின் வரிசையாக அமைந்ததால் பேச்சு வேறு திசையில் செல்ல இடம் குறைவு. நூல் முடியும் நாள் விழாவாகக் கொண்டாடப்பட்டது, கேட்போரை இறுதிவரை ஈர்த்து வைத்தது.

விளைவு

தமிழ்ப் புலவர் பலர் கற்காது விட்ட நூலின் பொருள் மரபு இத்தகைய வாசிப்புகளில் உயிருடன் இருந்தது. சாமிநாதையர் அச்சமணர்களிடம் ஐயங்களைத் தீர்த்துக்கொண்டு, 1887 இல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தார்.