போத்தலில் விழும் மழை

விஞ்ஞானம் கற்பிக்க ஆய்வுகூடம் வேண்டும். ஆய்வுகூடத்துக்குப் பணம் வேண்டும். பணமோ பதுளையையும் பசறையையும் தாண்டித் தோட்டத்துப் பாதைகளில் ஏறி வருவதற்குள் களைத்துப் போய்விடும் என்பது ஊவா மாகாணத்துத் தமிழ் ஆசிரியர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் நியாயமான முறைப்பாடு. அதனை மறுப்பது என் நோக்கமன்று. 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டத் துரைமாரின் தலையில் பாடசாலைப் பொறுப்பைச் சுமத்திய காலந்தொட்டு, எழுத்தும் எண்ணும் தெரிந்தால் தொழிலாளியின் பிள்ளைக்குப் போதும் என்ற எண்ணமே அப்பாடசாலைகளுக்கு அஸ்திவாரமாக இருந்தது. 1945 இல் இலவசக் கல்வி வந்தபோதும் அதன் பலன் லயத்துப் பிள்ளைகளைச் சரிவர வந்தடையவில்லை. 1970களின் பிற்பகுதியில் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கிய பின்னரே அவை ஏனைய பாடசாலைகளோடு ஒரே வரிசைக்கு வர ஆரம்பித்தன. இத்தனை காலப் பின்னடைவை ஒரு வெற்றுப் போத்தல் ஈடுசெய்துவிடும் என்று ஒருவர் சொல்வாரானால், அவர் ஆசிரியர்களைப் பரிகாசம் செய்கிறார் என்றே கொள்ள வேண்டும். ஆயினும் போத்தலைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன்.

கைக்கெட்டும் பொருள்களைக் கொண்டு விஞ்ஞானம் கற்பிக்கும் யோசனைக்கு உலகில் ஒரு கௌரவமான சரித்திரம் உண்டு. இரண்டாம் உலக மகா யுத்தத்தில் பாடசாலைகள் அழிந்துபோன தேசங்களின் ஆசிரியர்களுக்கென ஜே. பி. ஸ்டீவன்சன் என்பவர் எழுதிய சிறு கைந்நூலை யுனெஸ்கோ 1948 இல் வெளியிட்டது. குண்டு விழுந்த நாடுகளுக்காக எழுதப்பட்ட அந்நூல், இடிந்துபோவதற்குக்கூட ஆய்வுகூடம் இல்லாதிருந்த நாடுகளில்தான் மிகவும் பயன்படுவதாகத் தெரிய வந்தது. அதுவே விரிந்து 1956 இல் விஞ்ஞானக் கற்பித்தலுக்கான மூலநூல் என்ற பெரும் புத்தகமாயிற்று. இந்தியாவில், மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972 ஆம் ஆண்டு பதினாறு கிராமப் பாடசாலைகளில் தொடங்கிய விஞ்ஞானக் கற்பித்தல் திட்டமும் இந்த வழியில் வந்ததே. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் கற்ற அரவிந்த் குப்தா அத்திட்டத்தோடு சேர்ந்து உழைத்த நாள்களில்தான், சைக்கிள் வால்வுக் குழாயின் துண்டுகளால் தீக்குச்சிகளைப் பொருத்தி, சதுரம் ஏன் சரிகிறது, முக்கோணம் ஏன் சரியாமல் நிற்கிறது என்று பிள்ளைகளின் விரல்களுக்கே உணர்த்தும் முறையைக் கண்டார்.

அத்திட்டத்தில் செலவு குறைக்கப்பட்டது சாதனங்களுக்கு மாத்திரமே என்பதை நம்மவர் கவனிக்க வேண்டும். விடுமுறைக் காலங்களில் ஆசிரியர்களை வரவழைத்து, மாணவர் செய்யும் பரிசோதனை ஒவ்வொன்றையும் அவர்கள் தாமே செய்து பார்க்கும்படி விட்டு, அவர்களுடைய சந்தேகங்களுக்குப் பல்கலைக்கழக விஞ்ஞானிகளே அருகிருந்து பதில் சொன்னார்கள். முப்பது ஆண்டுகள் நடந்து ஏறத்தாழ ஆயிரம் பாடசாலைகளுக்குப் பரவிய அந்த முயற்சி, 2002 இல் மாநில அரசாங்கத்தின் உத்தரவால் நிறுத்தப்பட்டது. தீக்குச்சிக்கு அப்போதும் பஞ்சம் வந்துவிடவில்லை.

இனி ஊவாவுக்கு வருவோம். அரவிந்த் குப்தாவின் விளையாட்டுக் கருவிகளை அப்படியே செய்து பார்ப்பதில் தவறில்லை. ஆனால் எந்த ஊரிலும் செய்யக்கூடிய பரிசோதனையைக் காட்டிலும், இந்த மலையில் மாத்திரம் அர்த்தம் பெறும் பரிசோதனையே இங்குள்ள பிள்ளைக்கு விஞ்ஞானத்தின் மேல் நம்பிக்கையை உண்டாக்கும் என்பது என் அபிப்பிராயம். ஆடி ஆவணியில் வீசும் கச்சான் காற்றை எடுத்துக்கொள்ளுங்கள்: தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் மலைத்தொடரின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது ஒவ்வொரு நூறு மீற்றருக்கும் ஏறத்தாழ ஒரு பாகை வெப்பம் கூடி, உலர்ந்து, ஊவாத் தேயிலைக்குப் பெயர் தந்த அந்த வாசனையைக் கொழுந்தில் உண்டாக்கும் காற்றாக மாறிவிடுகிறது. ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானிகளில் ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றிக் கச்சானில் தொங்கவிட்டால் காற்றின் வறட்சியை அளந்துவிடலாம். தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டும் மாடியிலும் இதே தத்துவந்தான் நடைமுறையில் இருக்கிறது. ஏறத்தாழ 300 மீற்றர் ஏறுந்தோறும் நீரின் கொதிநிலை ஒரு பாகை குறைவதால், 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளையில் 98 பாகைக்குச் சற்றுக் குறைவாகவும், 1,400 மீற்றரைத் தாண்டிய அப்புத்தளையில் 95 பாகையை அண்டியும் நீர் கொதிக்கும். அப்புத்தளையில் பருப்பு வேக நேரமெடுப்பதன் காரணம் இதுதான்.

தேயிலைச் சாயத்தையும் சும்மா விட்டுவிட மனமில்லை. சாயத்தில் தேசிக்காய் பிழிந்தால் நிறம் வெளுக்கும், அப்பச்சோடா போட்டால் கறுக்கும். அமிலமும் காரமும் பற்றிய பாடம் அத்துடன் ஆரம்பமாகிவிடும். அடுத்து, ஆறிய சாயத்தில் துருப்பிடித்த ஆணியொன்றை ஓரிரவு போட்டு வைத்தால், மறுநாட் காலையில் அது மைபோலக் கறுத்திருக்கும். முற்காலத்தில் எழுதும் மையைச் செய்ததும் இரும்பும் தாவரத் துவர்ப்பும் கூடும் இந்தச் சேர்க்கையினாலேதான். அந்தத் துவர்ப்புப் பொருள்கள் கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பை நம் வயிற்றினுள்ளும் பற்றிக்கொண்டு, உடம்பில் சேரவிடாமற் செய்கின்றன. ரொட்டியைக் கடித்துக்கொண்டே சாயம் குடித்துவிட்டு மலைக்குப் போகும் தாய்மாருக்கு இரத்தசோகையைப் பற்றி நூறு பிரசங்கம் செய்வதைவிட, சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரம் விடுங்கள் என்று பிள்ளை ஒருத்தி கறுத்த கிளாஸைக் கையிலேந்திச் சொல்வது பலிக்கக்கூடும்.

ஆயினும் ஊவாவில் அளக்கத் தகுந்த வஸ்துகளில் முதன்மையானது மழையே. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது அவர்களுக்கு வீடும் இல்லை, வீட்டிலிருந்தோரும் இல்லை. அந்த மலைச்சரிவு அபாயமானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. மண்சரிவைக் கண்காணிக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மக்களுக்குச் சொல்லிவரும் கணக்கு மிக எளிமையானது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருங்கள், 100 ஆனால் புறப்படத் தயாராகுங்கள், 150 ஆனாலோ, ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ வெளியேறிவிடுங்கள். இந்த எண்கள் எல்லாருக்கும் அறிவிக்கப்படுகின்றன. ஆனால் தன் லயத்தின் மேல் எத்தனை மில்லிமீற்றர் விழுந்தது என்பதை அறிய வழியில்லாதவருக்கு அவற்றால் என்ன பிரயோசனம்?

வெற்றுப் போத்தலுக்கு இங்கேதான் வேலை வருகிறது. பக்கங்கள் நேராக உள்ள பெரிய குளிர்பானப் போத்தல் ஒன்றை, தோள்பகுதி குறுகத் தொடங்கும் இடத்தில் கத்தரித்து, மேற்பாதியைத் தலைகீழாக உள்ளே செருகினால் அது புனலாகும். விழுந்த நீர் வெயிலில் ஆவியாகாமலும் தெறித்துப் போகாமலும் அது காக்கும். போத்தலின் அடி மேடும் பள்ளமுமாக இருப்பதால், சுவர் நேராகும் இடம் வரைக்கும் சரளைக்கல்லும் நீரும் நிரப்பி, அந்த நீர்மட்டத்தைப் பூச்சியமாகக் கொண்டு ஓர் அடிமட்டத்தைப் பக்கத்தில் ஒட்டிவிட வேண்டும். கல்லின் பாரம் காற்றிலே போத்தல் சாயாமலும் பார்த்துக்கொள்ளும். மரமும் கூரையும் எவ்வளவு உயரமோ அதைப்போல் இருமடங்கு தூரமாவது விலகிய வெளியில் இதை நிறுத்தி, வளிமண்டலவியல் திணைக்களம் கணக்கெடுக்கும் காலை எட்டரை மணிக்கே நாமும் வாசித்து, நீரைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் அன்றைய வேலை முடிந்தது.

வாயகன்ற போத்தலிலும் வாய் சிறுத்த போத்தலிலும் மழை ஒரே உயரத்துக்கு ஏறுமா என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் ஆசிரியரே கேட்க வேண்டும். சுவர் நேராக இருக்கும் வரையில் ஒரே உயரந்தான். ஆனால் ஒன்பது சென்ரிமீற்றர் வாயுள்ள புனலை மூன்று சென்ரிமீற்றர் அகலமுள்ள குழாயில் இறக்கினால், பரப்பு ஒன்பது மடங்கு ஆதலால் ஒரு மில்லிமீற்றர் மழை ஒன்பது மில்லிமீற்றராக உயர்ந்து நிற்கும். அடிமட்டத்தில் கண்ணுக்குத் தப்பும் தூறலும் இதில் அகப்படும். சதுர பிஸ்கட் தகரம் கிடைத்தால் இன்னும் விசேஷம்: பக்கம் எட்டு சென்ரிமீற்றரானால் வாயின் பரப்பு 64 சதுர சென்ரிமீற்றர்; சேர்ந்த நீரை ஊசி கழற்றிய சிறிஞ்சால் உறிஞ்சி அளந்து, 64 மில்லிலீற்றர் வந்தால் பத்து மில்லிமீற்றர் மழை என்று எழுதிக்கொள்ளலாம். கொரியாவில் சேஜோங் மன்னர் 1442 இல் நாடெங்கும் ஒரே அளவான மழைக்கலங்களை வைக்கச் செய்தார். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமும் களஞ்சியத்தின் முன் மழை அளக்கும் பாத்திரம் வைக்கச் சொல்கிறது. இருவரும் அளந்தது விளைச்சலுக்காகவும் வரிக்காகவும்.

நமது தோட்டங்களிலும் நிலைமை அதற்கு வெகு தூரமில்லை. ஆபீசுக்கோ பங்களாவுக்கோ அருகே மழைமானி வைத்து, நாள்தோறும் குறித்து வரும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலமாகவே உண்டு. அந்தக் கணக்கு கொழுந்துக்காக எழுதப்பட்டதேயன்றி லயத்திலிருந்தோருக்கு வாசித்துக் காட்டப்பட்டதன்று. பாடசாலைப் போத்தலின் எண்ணை ஒரு மாதம் அந்த ஆபீஸ் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தால், போத்தல் எவ்வளவு பிழைக்கிறது என்பது தெரிந்துவிடும். இரண்டு மூன்று மில்லிமீற்றர் வித்தியாசம் இருந்தாலும் பாதகமில்லை. 75க்கும் 150க்கும் உள்ள தூரத்தில் அது தூசு.

எண் கையில் வந்த பிறகு அதற்கு உருவம் கொடுக்க வேண்டும். ஒரு சதுர மீற்றரில் விழும் ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு லீற்றர். பத்தடிக்குப் பன்னிரண்டடியான ஒரு காம்பராவின் தகரக் கூரையில் 75 மில்லிமீற்றர் பெய்தால் எண்ணூறு லீற்றருக்கு மேல்; அந்த லயத்துக்கு மேலேயுள்ள ஒரு ஹெக்டேயர் தேயிலை மலையில் 750 தொன். அத்தனை பாரமும் ஓடையில் ஓடிவிடுவதில்லை. ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்குகிறது. இறங்கி அங்கே என்ன செய்கிறது என்பதைக் காட்ட, சாய்த்து வைத்த தகரத் துண்டும் ஆற்றுமணலும் போதும். உலர்ந்த மணலைச் செங்குத்தாக நிறுத்த முடியாது. சிறிது நீர் தெளித்துப் பிசைந்தால், மணிகளுக்கிடையே நீர்ப்படலம் இழுத்துப் பிடிப்பதால் சுவர்போல நிற்கும். இதைக் கண்ட பிள்ளைகள் நீர் மண்ணை உறுதியாக்குகிறது என்று முடிவு கட்டியிருக்கும் வேளையில், மேலிருந்து மெதுவாக நீர் ஊற்றிக்கொண்டே வர வேண்டும். இடைவெளியெல்லாம் நிரம்பியவுடன் அந்தப் பிடிப்பு போய்விடுகிறது. உள்ளே பெருகும் நீரின் அழுத்தம் மணிகளை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி உராய்வைக் குறைக்கிறது. அடியில் ஒரு வெடிப்பு ஓடி, சுவர் முழுவதும் ஒரேயடியாக இறங்கிவிடும். இன்னொரு தகரத்தில் பயறு முளைக்கவைத்து இதையே செய்தால் மேல்மண்ணை வேர் பிடித்திருப்பதும் தெரியும். ஆனால் வேருக்குக் கீழே ஆழத்தில் வழுக்கும் சரிவைத் தேயிலைச் செடி தடுக்காது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும். நிலத்தில் புதிதாகக் காணும் வெடிப்பு, சாய்ந்துபோன மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றின் பொருள் அதன்பின் விளக்காமலே விளங்கும்.

மழையை அளக்க வாங்க வேண்டியவை ஓர் அடிமட்டமும் ஒரு கொப்பியும் மாத்திரம். கொப்பியைப் பற்றி மாத்திரம் ஒரு வார்த்தை: ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போகையில் அவருடைய குறிப்புகளும் அவரோடு போய்விடுவது நம் பாடசாலைகளில் வழக்கமாதலால், மழைக் கொப்பி பாடசாலையின் சொத்தாக, அதிபரின் மேசையில் இருக்க வேண்டும். மழை இரவிலும் கனத்துப் பெய்யும். பாடசாலையோ பகல் ஒன்றரைக்கு மூடப்படும். ஆகையால் இரண்டாவது போத்தலொன்றை லயத்தருகே நிறுத்தி, அங்கே குடியிருக்கும் மாணவர் இருவரிடம் ஒப்படைப்பது நல்லது. நள்ளிரவில் அவர்கள் வாசிக்கும் எண்ணை யாரிடம் சொல்வது என்பதை மழைக்காலம் தொடங்குமுன்பே தீர்மானித்து, கிராம உத்தியோகத்தரின் தொலைபேசி இலக்கத்தையும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தையும் லயத்துச் சுவரில் எழுதி வைத்துவிட வேண்டும்.